மீதி நான்கு பங்கு

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு எனக்குச் சம்பளம் உண்டு.

சைப்ரஸ் தீவின் லிமசோலில், கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே, ஒரு தரகு நிறுவனத்தின் ஐந்தாவது மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாவது மாடியில் இருப்பவர்கள் வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேசுகிறார்கள். பேசுவதெல்லாம் பதிவாகிறது. அதில் வாரத்துக்கு முப்பது உரையாடல்களை நான் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் நிரப்புகிறேன். பணிவாகப் பேசினாரா? எச்சரிக்கையை வாசித்தாரா? இப்படிப் பன்னிரண்டு கேள்விகள். ஏழாவது கேள்வி: ஆலோசனை கூறினாரா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

ஏழாவதில் ‘ஆம்’ விழுந்தால் அந்த ஆள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எங்கள் நிறுவனத்துக்கு விலையைக் காட்ட அனுமதி உண்டு. வாங்கு, விற்காதே, போடு, எடு என்று சொல்ல அனுமதி இல்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு பதிவு சிவப்புக் குறியோடு வந்தது. முந்திய நாள் பேசியது. நாற்பத்தொரு நிமிடம். மேற்பார்வையாளர் மரீனோஸ் ஒரு வரி எழுதியிருந்தார்: “ஏழாவதை நன்றாகக் கவனிக்கவும்.” பேசியவள் பெயர் ஸ்தாலோ. அவள் வேலையில் இருக்கலாமா கூடாதா என்று வெள்ளிக்கிழமைக்குள் நான் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாததால் கதை எழுதுகிறேன்.

[ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆகவே பெயர், ஊர், தொகை எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். பெட்டிக்கடை என்று நான் சொல்லப்போவதும் பெட்டிக்கடை அல்ல. ஆனால் காலையில் திறந்து இரவில் மூடுகிற ஒன்றுதான். மாற்றாதது அவர்கள் பேசிய பேச்சு மட்டும்.]

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: “கண்ணாடிக்கு வெளியே விரிந்து கிடந்த கடலைப் பார்த்தபடி ஸ்தாலோ அழைப்பை எடுத்தாள்.”

எழுதியபின் சந்தேகம் வந்தது. புதன்கிழமை மதியம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், மூன்றாவது மாடிக்குப் போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். கடல் தெரியவில்லை. கார் நிறுத்துமிடமும் எதிர்க் கட்டடத்தின் ஏசி பெட்டிகளும்தான் தெரிந்தன. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: “அரசுக் கடன்பத்திரம் என்பது ஒரு நாட்டுக்கு நாம் கொடுக்கும் கடனுக்கு அந்த நாடு எழுதித் தரும் சீட்டு. ஆண்டுதோறும் வட்டி வரும். காலம் முடிந்ததும் முதல் திரும்பும். சந்தையில் அந்தச் சீட்டுக்கு ஒரு விலை உண்டு, அது தினமும் ஏறி இறங்குவதால்—”

யாருக்கும் கொட்டாவி வரும். ஆனாலும் இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் நிறுவனத்தில் அந்தச் சீட்டை யாரும் வாங்குவதில்லை, யாரும் விற்பதுமில்லை. அதன் விலை ஏறும் என்று ஒருவர் சொல்கிறார். ஏறினால் அந்த வித்தியாசத்தை நாங்கள் அவருக்குத் தருவோம். இறங்கினால் அவர் எங்களுக்குத் தருவார். சீட்டு யார் கைக்கும் வராது. அதன் முழு விலையில் ஐந்தில் ஒரு பங்கைப் பிணையாகக் கட்டி வைத்தால் போதும். வித்தியாச ஒப்பந்தம் என்று பெயர்.

இவ்வளவுதான். ஸ்தாலோவை அழைத்த வாடிக்கையாளர் சராந்திஸுக்கு இந்த அளவுக்குக்கூட யாரும் சொல்லவில்லை. கணக்குத் தொடங்கும்போது ‘உங்களுக்கு இது புரிகிறதா’ என்று பத்துக் கேள்வி கேட்போம். பத்துக்கும் அவருடைய மருமகன் பதில் போட்டிருந்தான். பத்தும் சரி.

மூன்றாம் தொடக்கம், தொலைபேசி மணி. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

“ஹலோ, மகளே, ஜெர்மனி டிபார்ட்மென்ட் இதுதானா?”

“ஐயா, இது வாடிக்கையாளர் சேவை. என் பேர் ஸ்தாலோ. பேசறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை படிக்கணும்.”

படித்தாள். எல்லாரும் படிப்பதுபோலத்தான் அவளும் படித்தாள். ஆத்துமாக்களின் சனிக்கிழமையன்று சபையார் எழுதிக் கொடுத்த இறந்தவர் பெயர்களை எங்கள் பாதிரியார் ஒரே மூச்சில் ஓட்டுவார், அந்த வேகம்.

“முடிச்சியா? மூச்சு விட்டுக்கோ,” என்றார் சராந்திஸ். “உங்க சைப்ரஸ் பேச்சே பாதி புரியாது, இதுல ஓட்டம் வேற. சரி, விஷயத்துக்கு வர்றேன். நான் ஜெர்மன் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்திருக்கேன். மீதியைக் கட்டணும்.”

“மீதியா?”

“முப்பதாயிரம் யூரோவுக்குப் பத்திரம். முன்பணம் ஆறாயிரம் கட்டிட்டேன். நாலு பங்கு பாக்கி. மூணு வாரமாச்சு, மீதி எங்கேன்னு ஒருத்தனும் ஒரு கடுதாசி போடல. ஆனா தினமும் நாலு யூரோ, நாலரை யூரோன்னு அபராதம் மட்டும் பிடிக்கறான். ஜெர்மன்காரன் இல்லையா. பேசமாட்டான், பிடிப்பான்.”

[அது அபராதம் அல்ல. ஒப்பந்தத்தை ஒரு நாள் தாண்டி வைத்திருந்தால் நாங்கள் பிடிக்கும் கட்டணம். ஆனால் அவர் கணக்கைப் பாருங்கள்: முன்பணம் கட்டியிருக்கிறார், மீதி கட்டவில்லை, நாள்தோறும் ஏதோ குறைகிறது. வீடு, டிராக்டர், குளிர்பெட்டி என்று எதையாவது தவணையில் வாங்கிய எந்த மனிதருக்கும் இது அபராதமாகத்தான் தோன்றும். எனக்கே ஒரு கணம் அவர் சொல்வது சரி என்று பட்டது.]

“ஐயா, அந்தப் பணம் எதுக்கு இப்ப—”

“எதுக்கா? எங்க கிரீஸ் கடன்ல மூழ்கினப்ப எங்களைப் பத்தி அவன் என்னென்ன சொன்னான்! சோம்பேறி, வாங்கின கடனைக் கட்டமாட்டான், வெயில்ல மல்லாந்து கிடப்பான். பத்து வருஷம் கேட்டோம். இப்ப வோலோஸ் பஸ் ஸ்டாண்டுல பெட்டிக்கடை வெச்சிருக்கறவன் அவனுக்கே கடன் கொடுத்திருக்கேன். காபிக்கடையில பதினாலு பேருக்கு என் செலவுல காபி! மீதியைக் கட்டாம விட்டா ‘பார்த்தியா, கிரேக்கன்னா கிரேக்கன்தான்’னு சொல்லமாட்டான்? வியாழக்கிழமை கடையை எழுதிக் கொடுத்துடறேன். வெள்ளிக்கிழமை இருபத்திநாலாயிரம் உங்க கையில.”

“எந்தக் கடையை ஐயா?”

“எனக்கு என்ன பத்துக் கடையா இருக்கு? இதுதான். முப்பத்தோரு வருஷம்.”

பின்னாலிருந்து ஒரு பெண் குரல், மனைவியாக இருக்க வேண்டும்: “யாருய்யா அது, ஜெர்மன்காரனா? கடையைத் தரமுடியாதுன்னு சொல்லு!”

“சும்மா இரு அசிமீனா. இது சைப்ரஸ் பொண்ணு.”

“அப்ப சைப்ரஸ் பொண்ணுகிட்ட சொல்லு!”

“ஒரு நிமிஷம் ஐயா,” என்று ஸ்தாலோ அவரை நிறுத்தி வைத்தாள்.

4

நிறுத்தி வைத்தாலும் பதிவு நிற்காது. மூன்றாவது மாடியில் பலருக்கு இது தெரியாது.

“என்னம்மா, கிழவர் என்ன சொல்றாரு?” இது மரீனோஸ். நாற்காலி ஒன்று நகர்கிற சத்தம்.

“இருபத்திநாலாயிரம் போடறேங்கறாரு.”

“அடி சக்கை! நாலு மாசமா உன்னைத் திட்டினதெல்லாம் வாபஸ். மாச இலக்கு முடிஞ்சுது போ.”

“அவரு தப்பாப் புரிஞ்சிட்டிருக்காரு மரீனோஸ். தவணைன்னு நினைக்கறாரு. பிழைக்கற கடையை விக்கறாரு.”

“அவரு என்ன நினைக்கறாருன்னு உன்னைக் கேட்டாரா? நீ ஒண்ணும் பொய் சொல்லவேண்டாம். ‘சரி ஐயா, நன்றி ஐயா.’ நாலு வார்த்தை. உனக்கும் வீட்டுக்காரன் வாடகை ஏத்தறான்னு அழுதியே?”

இந்த இடத்தில் எனக்கு ஸ்தாலோமேல் சந்தேகம் வந்தது. முதல் பிரதியில் அவளை ஒரு புனிதவதியாக எழுதியிருந்தேன். மரீனோஸை அவள் நிமிர்ந்து பார்த்து, “மனசாட்சின்னு ஒண்ணு இருக்கு” என்றாள். பதிவில் அப்படி எதுவும் இல்லை. பதிவில் அவள் சொன்னது: “எவ்வளவு கிடைக்கும் எனக்கு?”

மரீனோஸ் சொன்னார். அவளுடைய ஒன்றரை மாத வாடகை.

இதை நான் கதையிலிருந்து எடுத்துவிடப் பார்த்தேன். எடுத்தால் அவள் நல்லவளாகத் தெரிவாள். ஆனால் பின்னால் அவள் செய்ததற்கு எடை இருக்காது. கடவுள் நம்மை மன்னிக்கும்போதுகூட எதையும் அழித்துவிட்டு மன்னிப்பதில்லை என்றுதான் நினைக்கிறேன். அப்படியே இருக்கட்டும்.

மரீனோஸும் கெட்டவர் அல்ல. போன ஈஸ்டருக்கு மாடி முழுவதற்கும் அவர் மனைவி ஃபிளவூனா என்கிற பாலாடைக்கட்டி ரொட்டி சுட்டு அனுப்பினார். ஐந்தாவது மாடிக்கும் நான்கு வந்தது. அவருக்கு மேலேயும் ஓர் அதிகாரி இருக்கிறார், அவ்வளவுதான்.

5

அழைப்பை மறுபடி எடுத்தாள். “ஐயா, இருக்கீங்களா?”

“எங்க போவேன்? சொல்லு மகளே, எந்தக் கணக்குல அனுப்பணும்?”

இதன்பிறகு பதிவில் பதினொரு வினாடி மௌனம்.

கதை எழுதுகிறவனுக்கு இது பள்ளம். பேச்சை அப்படியே தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். பேச்சில்லாத இடத்தில் என்ன செய்வது? மூன்று விதமாக நிரப்பிப் பார்த்தேன்.

[ஒன்று: அவளுக்குத் தன் தகப்பனாரின் ஞாபகம் வந்தது. — அடித்தது. எல்லாக் கதைகளிலும் எல்லாருக்கும் தகப்பனாரின் ஞாபகம் வருகிறது.]

[இரண்டு: அவள் மனசுக்குள் ஒரு சின்ன ஜெபம் சொன்னாள். — அடித்தது. இது என் ஆசை. ஸ்தாலோ கோவிலுக்குப் போகிறவளா என்றுகூட எனக்குத் தெரியாது.]

[மூன்று: வாடகையைக் கூட்டிப் பார்த்தாள், பிறகு அந்தக் கடையில் என்னென்ன விற்பார்கள் என்று, எள் தூவிய வளைய ரொட்டி, தண்ணீர் பாட்டில், பஸ் டிக்கெட், ஒற்றையாக விற்கிற—]

மூன்றாவதை முடிக்கவில்லை. பதினொரு வினாடியும் அப்படியே காலியாகவே இருக்கட்டும். அது அவளுடையது.

6

“ஐயா,” என்றாள் ஸ்தாலோ, “ஆரம்பத்துல ஒரு எச்சரிக்கை படிச்சேனே. அதை மறுபடி ஒருதரம் படிக்கட்டுமா? இந்தத் தடவை மெதுவா.”

“எதுக்கு? அது உங்க பிரார்த்தனை மாதிரி ஏதோ ஒண்ணுன்னு விட்டுட்டேன்.”

“ஒரு வரி படிக்கறேன். உங்களுக்கு என்ன புரிஞ்சுதுன்னு சொல்லுங்க. அப்புறம் அடுத்த வரி.”

“பள்ளிக்கூடத்துல உக்காத்தி வெச்ச மாதிரி இருக்கு. சரி, படி.”

“‘தனிநபர் கணக்குகளில் நூற்றுக்கு எழுபத்தொன்று பணத்தை இழக்கின்றன.’”

“அதாவது... நூறு பேர் வந்தா எழுபத்தோரு பேருக்குக் கை சுடும்.” கொஞ்சம் யோசித்தார். “நம்ம காபிக்கடையில பதினாலு பேர். அதுல பத்து பேர். நான் இல்லாம பத்து பேரை எண்ணறது கஷ்டம்.”

“‘அடிப்படைச் சொத்தின் உரிமை வாடிக்கையாளருக்கு வருவதில்லை.’”

“இது புரியல.”

“பத்திரம் உங்களுது இல்லை ஐயா.”

“மீதி கட்டற வரைக்கும் இல்லை. அது சரிதானே? டிராக்டர் மாதிரி.”

“மீதி கட்டினாலும் இல்லை.”

“அப்ப பத்திரம் எங்க இருக்கு? பெர்லின்லயா?”

“உங்க பேர்ல எங்கயும் இல்லை. விலை ஏறும்னு நீங்க சொல்லியிருக்கீங்க. ஏறினா நாங்க உங்களுக்குத் தரணும். இறங்கினா உங்க ஆறாயிரத்துலேர்ந்து எடுப்போம். இப்பக் கொஞ்சம் இறங்கியிருக்கு. ஐயாயிரத்து முந்நூத்திச் சொச்சம் இருக்கு. இருபத்திநாலாயிரம் போட்டீங்கன்னா அதுவும் இதே பாத்திரத்துலதான் விழும்.”

பஸ் ஒன்று ஹாரன் அடிக்கிறது. யாரோ சிகரெட் கேட்கிறார்கள். அசிமீனா எடுத்துக் கொடுத்து, சில்லறை இல்லையா என்று சலித்துக்கொள்கிறாள். கடையிலிருந்துதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

“அப்ப நான் ஜெர்மன்காரனுக்குக் கடனே கொடுக்கலையா?”

“இல்லை ஐயா.”

“ஒரு சென்ட்கூட?”

“ஒரு சென்ட்கூட இல்லை.”

“அவனுக்குத் தெரியவே தெரியாதா?”

“தெரியாது ஐயா.”

அப்புறம் அவர் கேட்ட கேள்விக்காகத்தான் இந்தக் கதையை எழுதுகிறேனோ என்று சில சமயம் தோன்றுகிறது. பந்தயத்தில் தோற்கிறோமா, ஏமாந்தோமா என்று அவர் கேட்கவில்லை.

“அப்ப நான் யாருக்கும் பாக்கி இல்லையா?”

“இல்லை ஐயா. நீங்க யாருக்கும் ஒரு பாக்கியும் இல்லை.”

“அசிமீனா!” என்று கத்தினார். “நாம யாருக்கும் பாக்கி இல்லையாம்!”

“அதைத்தானே மூணு வாரமாச் சொல்றேன், கழுதை!”

[மெதுவாகப் படிப்பதும் ஒரு பிரார்த்தனைதான் என்று இங்கே ஒரு வாக்கியம் எழுதினேன். கழுதை என்று அசிமீனா சொன்னதற்குப் பக்கத்தில் அது நிற்கவில்லை.]

7

இனி வருவதுதான் ஏழாவது கேள்விக்கு உரிய இடம். ஆறு தடவை கேட்டேன். ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் தருகிறேன்.

“ஒண்ணு கேக்கறேன் மகளே. நீ என் பொண்ணா இருந்தா இப்ப என்ன செய்யச் சொல்லுவே?”

“அதை நான் சொல்லக் கூடாது ஐயா.”

“சொன்னா என்ன ஆகும்?”

“வேலை போயிடும்.”

“அப்ப சொல்லாதே. சொல்லவே சொல்லாதே. நான் கேக்கல.”

“ஐயா, நான் உங்களை ஒண்ணு கேக்கலாமா?”

“கேளு.”

“கடையை எத்தனை மணிக்குத் திறப்பீங்க?”

“அஞ்சரைக்கு. லாரிஸா போற முதல் பஸ் அஞ்சே முக்காலுக்கு.”

“நாளைக்கு?”

“நாளைக்கும் அஞ்சரைதான்.”

“வெள்ளிக்கிழமை?”

அசிமீனாவின் குரல், கிட்டத்தில், கத்தாமல்: “சொல்லுய்யா.”

“வெள்ளிக்கிழமையும் அஞ்சரைதான்,” என்றார் சராந்திஸ்.

அதன்பின் இந்த ஒப்பந்தத்தை மூடுகிற பொத்தான் திரையில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். சொன்னாள், கேட்டால் சொல்லலாம், அது ஆலோசனை ஆகாது. மூக்குக்கண்ணாடி தேட நான்கு நிமிடம். தப்பான பொத்தானை அமுக்கி மொழியை ஸ்பானிஷுக்கு மாற்றியதில் மூன்று நிமிடம். பிறகு மூடினார். ஐயாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு யூரோ அவர் வங்கிக்குத் திரும்பியது. நாற்பத்தொன்றாவது நிமிடத்தில், “வோலோஸ் பக்கம் வந்தா உனக்குத் தண்ணி பாட்டில் இலவசம்,” என்றார். “ஒண்ணுதான்,” என்றாள் அசிமீனா.

8

இங்கே நிறுத்தியிருந்தால் நல்ல கதை. ஆனால் நான் விலைப் பலகைக்கு எதிரே உட்கார்ந்து வேலை செய்கிறவன். வியாழக்கிழமை ஏதோ ஒரு புள்ளிவிவரம் வந்தது; ஜெர்மன் கடன்பத்திரம் சட்டென்று ஏறியது. சராந்திஸ் மூடாமல் இருந்திருந்தால் நானூறு யூரோவுக்குமேல் மீண்டிருக்கும்.

இதை மறைக்கலாம். வாசகருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் ஒருவருக்கு நன்மை செய்தால் சந்தை நமக்குக் கைதட்டும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. நானூறு யூரோ போயிற்று, கடை இருக்கிறது.

காபிக்கடையில் அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. அதற்குச் சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில், “ஜெர்மன்காரன் கடனை முன்கூட்டியே அடைச்சிட்டான்” என்று சொல்லிவிடுகிறார். பதினாலு பேரும் நம்புகிறார்கள். அவருக்கு அன்று காபி இறங்கவில்லை.

இரண்டாவதில் உண்மையைச் சொல்லுகிறார். ஒரு வாரம் சிரிக்கிறார்கள். எட்டாம் நாள் அந்தப் பதினாலு பேரில் ஒருவர், சிரித்தவர்களிலேயே சத்தமாகச் சிரித்தவர், கடைக்குத் தனியாக வந்து ஒரு பொட்டலம் சூயிங்கம் வாங்கிக்கொண்டு, தன் கைப்பேசியை நீட்டுகிறார். “எனக்கும் இப்படி ஒண்ணு இருக்கு சராந்திஸ். அந்தப் பொண்ணு மெதுவாப் படிச்சுதுன்னியே. என்ன படிச்சுது?”

மூன்றாவது முடிவு, அசிமீனா எல்லாவற்றையும் முன்பே ஊருக்குச் சொல்லிவிட்டாள், ஆகவே அவர் போனபோது—

இரண்டாவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே அதை நம்பக் கொஞ்சம் தயங்குகிறேன். கொஞ்சம்தான்.

9

இன்று வெள்ளி. மாலை நாலு இருபது. ஐந்து மணிக்குப் படிவத்தை அனுப்பியாக வேண்டும்.

பதினொரு கேள்விகளுக்குப் பதில் போட்டுவிட்டேன். பணிவு: உண்டு. எச்சரிக்கை: இரண்டு முறை. ஏழாவது மட்டும் காலி. அதைக் காலியாக விட்டு அனுப்பப் பார்த்தேன், கணினி ஏற்கவில்லை. ‘குறிப்புகள்’ என்ற பெட்டியில் எழுதினேன். முந்நூறு எழுத்துக்குமேல் போகாதாம். மீதிதான் நீங்கள் படித்துக்கொண்டிருப்பது.

அவள் ஒரு கடை திறக்கும் நேரத்தைக் கேட்டாள். அது ஆலோசனையா? கேட்டவிதத்தில் ஆலோசனை இருந்தது என்று மரீனோஸ் சொல்லுவார். சொல்லில் இல்லையே என்று நான் சொல்லலாம். ‘இல்லை’ என்று குறித்தால் அவளுக்கு நான் உபகாரம் செய்கிறேன், ‘ஆம்’ என்று குறித்தால் உண்மையைச் சொல்கிறேன் என்று செவ்வாய்க்கிழமை நினைத்தேன். ஆறாவது முறை கேட்டபின் அப்படி நினைக்கவில்லை. ‘சரி ஐயா, நன்றி ஐயா’ என்று அவள் சொல்லியிருந்தால் படிவத்தில் ஒரு குறையும் இருந்திருக்காது. அந்த நாலு வார்த்தைதான் சராந்திஸுக்குக் கொடுக்கக்கூடிய ஆகப்பெரிய ஆலோசனையாக ஆகியிருக்கும்.

ஆனால் நான் அவளை ஆறு மாதமாகக் காதால் அறிந்தவன். என் தராசு சாய்ந்திருக்கிறது. நீங்கள் இப்போதுதான் கேட்டீர்கள். நான் கேட்டதெல்லாம் உங்களுக்கும் கேட்டாயிற்று. அதனால் ஏழாவதை உங்களிடம் விடுகிறேன். படிவம் திரையில் திறந்தே இருக்கிறது.

அதற்குள் நான் மூன்றாவது மாடிக்குப் போகிறேன். கேட்கிறவர்கள் பேசுகிறவர்களோடு பழகக் கூடாது என்று விதி. இதுவரை போனது ஆளில்லாத நாற்காலியைப் பார்க்க மட்டும்தான். அவள் முகம் எனக்குத் தெரியாது. குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் யார் என்று சொன்னால் பயந்துபோவாள், ஆகவே முதலில் பெயரைச் சொல்லிக் கை நீட்ட வேண்டும்.

அவசரம் வேண்டாம். இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது.